வைஃபை கனெக்ட் ஆகுது, இன்டர்நெட் வரலை: லேப்டாப்பில் கோளாறு எங்கே என்று பிடிப்பது எப்படி?

வைஃபை குறியில் கோடுகள் முழுசாக இருக்கின்றன, பாஸ்வேர்டும் சரி, ஆனால் பிரவுசரில் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. "நோ இன்டர்நெட்" என்று மட்டும் வருகிறது. இந்த நிலையில் பெரும்பாலானவர்கள் யாரோ சொன்ன நாலு கமாண்டை வரிசையாக அடித்துப் பார்ப்பார்கள், அல்லது நேரே நெட்வொர்க் ரீசெட்டை அழுத்திவிடுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முதலில் எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். அது தெரிந்துவிட்டால் சரிசெய்வது பெரும்பாலும் இரண்டு நிமிட வேலைதான்.

வைஃபை குறி காட்டுவது லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவில் தொடர்பு இருக்கிறது என்பதை மட்டும்தான். ரவுட்டரிலிருந்து இணைய நிறுவனம் வரைக்கும் போகிற பாதை வேறு, அதைப் பற்றி அந்தக் குறிக்கு எதுவும் தெரியாது. அதனால் லேப்டாப்பில் தொடங்கி ஒவ்வொரு கட்டமாக வெளியே நகர்ந்து பார்க்கப் போகிறோம்.

முதலில் போனை எடுங்கள்

அதே வைஃபையில் போனை இணைத்துவிட்டு, போனின் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இதை மறக்கவே கூடாது. வைஃபையில் இன்டர்நெட் இல்லையென்றால் பல போன்கள் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும், நீங்களோ "போனில் வருது, லேப்டாப்தான் கெட்டுப்போச்சு" என்று தப்பான பக்கம் தேடிக்கொண்டிருப்பீர்கள். டேட்டாவை அணைத்த பிறகு, இதுவரை திறக்காத ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

போனிலும் வரவில்லையா? அப்படியென்றால் லேப்டாப்பைத் தொடவே வேண்டாம். ரவுட்டரின் மின் இணைப்பைப் பிடுங்கி, அரை நிமிடம் விட்டு மறுபடி செருகி, இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். மோடம் தனியாக இருந்தால் முதலில் மோடம், அது நிலைக்கு வந்த பிறகு ரவுட்டர். ஃபைபர் இணைப்பு என்றால் பெட்டியில் "எல்ஓஎஸ்" என்ற விளக்கைப் பாருங்கள். அது சிவப்பாக எரிந்தால் ஃபைபர் வழியே ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். நிறுவனத்துக்குப் போன் செய்து "எல்ஓஎஸ் சிவப்பு" என்று சொல்லுங்கள், அந்த ஒரு சொல்லிலேயே அவர்களுக்கு விஷயம் புரிந்துவிடும்.

போனில் வருகிறது, லேப்டாப்பில் மட்டும் இல்லை

சரி, இப்போது லேப்டாப்புக்கு வருவோம். எளிய விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். விபிஎன் (உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியே அனுப்பும் செயலி) ஏதாவது ஓடினால் நிறுத்துங்கள். சில விபிஎன்கள் தங்கள் இணைப்பு அறுந்தால் மொத்த இன்டர்நெட்டையும் வேண்டுமென்றே அடைத்து வைத்துவிடும். அப்புறம் லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் செய்து மறுபடி ஆன் செய்வது போதாது, விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட் டவுன் பழைய நிலையின் ஒரு பகுதியை அப்படியே சேமித்து வைத்துக்கொள்கிறது. ஹோட்டல், விமான நிலையம் போன்ற பொது வைஃபை என்றால், பிரவுசரில் ஒரு உள்நுழைவுப் பக்கம் வந்து அனுமதி கேட்கும், அதை முடிக்காதவரை வெளியே விடாது.

இதிலெல்லாம் சரியாகவில்லை என்றால், ஸ்டார்ட் மெனுவில் "சிஎம்டி" என்று தட்டி கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறங்கள். கறுப்புத் திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நாம் எதையும் மாற்றப் போவதில்லை, கேள்வி மட்டும்தான் கேட்கப் போகிறோம். ஐபிகான்ஃபிக் (ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி, எட்டு ஆங்கில எழுத்தும் சேர்ந்தாற்போல) என்று அடித்து என்டர் தட்டுங்கள். நிறைய வரிகள் வரும். வைஃபை என்ற தலைப்புக்குக் கீழே இரண்டு வரிகள் போதும்: ஐபிவி4 அட்ரஸ் (லேப்டாப்பின் எண்), டீஃபால்ட் கேட்வே (ரவுட்டரின் எண்).

அந்த அட்ரஸ் 169.254 என்று தொடங்கினால் கோளாறு பிடிபட்டுவிட்டது. ரவுட்டர்தான் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் கொடுக்க வேண்டும். கேட்டும் கிடைக்காதபோது லேப்டாப் தானாக வைத்துக்கொள்ளும் எண்தான் இந்த 169.254. இதற்கு வைஃபை பட்டியலில் அந்தப் பெயரை "ஃபர்கெட்" செய்து, பாஸ்வேர்ட் போட்டு மறுபடி இணையுங்கள். அதிலும் அதே எண் வந்தால் ரவுட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்; கருவிகள் அதிகமாகி, கொடுக்க எண் தீர்ந்துபோயிருந்தாலும் இப்படி ஆகும்.

எண் 192.168 அல்லது 10 என்று தொடங்கினால் பொதுவாக நல்ல அறிகுறி. ஆனால் அதுவும் கேட்வேயும் உங்கள் ரவுட்டரின் எண்ணோடு ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள். நண்பர் ஒருவரின் லேப்டாப் அலுவலகத்தில் நன்றாக ஓடும், வீட்டுக்கு வந்தால் ஓடாது. பார்த்தால் அட்ரஸும் கேட்வேயும் 10-இல் தொடங்கின, வீட்டு ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த சீட்டிலோ 192.168.1.1 என்று இருந்தது. அலுவலகத்தில் யாரோ எண்ணைக் கையால் போட்டு வைத்திருக்கிறார்கள். செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, அதன் ப்ராப்பர்ட்டீஸ் என்று போய் "ஐபி அசைன்மென்ட்" என்பதை ஆட்டோமேட்டிக்காக மாற்றியதும் அடுத்த நொடியே இன்டர்நெட் வந்துவிட்டது.

மூன்று பிங்

எண் சரியாக இருக்கிறது, ஆனாலும் வரவில்லை. இப்போது பிங் (பி, ஐ, என், ஜி; எதிர்முனை பதில் சொல்கிறதா என்று கேட்கும் கமாண்ட்) என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, உங்கள் கேட்வே எண்ணைப் போடுங்கள். "ரிப்ளை" என்று தொடங்கும் வரிகள் வந்தால் ரவுட்டர் வரை பாதை சரி. "டைம்டு அவுட்" என்று வந்தால் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை அதில் இணைத்துப் பாருங்கள். ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்தால் லேப்டாப்பின் பேரில் குற்றமில்லை. ரவுட்டரில் பேரன்டல் கன்ட்ரோல் அல்லது மேக் ஃபில்ட்டர் (எந்தக் கருவியை விடுவது, எதைத் தடுப்பது என்ற பட்டியல்) போட்டு இந்த லேப்டாப்பை அடைத்திருக்கலாம்.

அடுத்து பிங் 8.8.8.8. இது கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர். மூன்றாவதாக, பிங் போட்டு எண்ணுக்குப் பதில் உங்களுக்குத் தெரிந்த ஒரு வலைத்தளத்தின் பெயரை அடியுங்கள். 8.8.8.8 பதில் சொல்லி, பெயரை மட்டும் "கண்டுபிடிக்க முடியவில்லை" என்று சொன்னால், இன்டர்நெட் வந்துகொண்டுதான் இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்கும் டிஎன்எஸ்தான் படுத்துவிட்டது. அதே ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தில் "டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட்" பக்கத்தில் எடிட் அழுத்தி, மேனுவல், ஐபிவி4 இரண்டையும் தேர்ந்தெடுத்து, 8.8.8.8 என்றும் அடுத்த கட்டத்தில் 1.1.1.1 என்றும் போட்டுச் சேமியுங்கள். இரண்டாவது கிளவுட்ஃப்ளேருடையது. ஒன்று படுத்தாலும் மற்றது இருக்கும் என்பதால் நான் எப்போதும் இரண்டு வேறு நிறுவனங்களுடையதைப் போடுகிறேன்.

மூன்று பிங்குக்கும் பதில் வந்து, பிரவுசர் மட்டும் முரண்டு பிடித்தால் இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, அதே நெட்வொர்க் செட்டிங்ஸில் ப்ராக்ஸி, அதாவது பிரவுசரை இடையில் வேறொரு சர்வர் வழியே திருப்பிவிடும் அமைப்பு. "யூஸ் எ ப்ராக்ஸி சர்வர்" ஆன் ஆகியிருந்து, நீங்கள் போட்டதாக நினைவில்லை என்றால், அணையுங்கள். பழைய விபிஎன்னோ வைரஸோ விட்டுப்போனதாக இருக்கலாம், ஒரு ஸ்கேனும் ஓட்டிவிடுங்கள். இன்னொன்று தேதி. லேப்டாப் கடிகாரம் சில வருடங்கள் பின்னால் போயிருந்தால், வலைத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவை என்று பிரவுசர் நிராகரித்துவிடும். தேதியைச் சரிசெய்தும் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் பழையபடி ஆனால், மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

நெட்வொர்க் ரீசெட் இதற்கெல்லாம் பிறகுதான். அது "அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்" உள்ளே இருக்கிறது. அழுத்தினால் லேப்டாப் ரீஸ்டார்ட் ஆகும், வைஃபை பாஸ்வேர்டுகளை மறுபடி போட வேண்டியிருக்கும், விபிஎன்னையும் திரும்ப அமைக்க வேண்டி வரலாம், அதனால் பாஸ்வேர்டுகளை முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் மசியாமல், போன் ஹாட்ஸ்பாட்டிலும் வேலை செய்யவில்லை என்றால் வைஃபை டிரைவரை (லேப்டாப்பின் வைஃபை பாகத்தை இயக்கும் மென்பொருளை) சந்தேகப்படலாம். இன்டர்நெட்டே இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது என்று தவிக்க வேண்டாம்: போனை சார்ஜிங் கேபிளால் லேப்டாப்பில் செருகி, போனில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் வைஃபை இல்லாமலேயே இன்டர்நெட் வரும், லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான டிரைவரை அப்படியே இறக்கிக்கொள்ளலாம்.