வூகாமர்ஸ் கடையில் வெளிநாட்டு நாணயத்தில் விலை காட்டுவது எப்படி?

வேர்ட்பிரஸ் தளத்தில் கடை வைக்க உதவும் வூகாமர்ஸில் கடை போட்டாயிற்று, கார்டுப் பணத்தை வசூலித்துத் தரும் பேமெண்ட் கேட்வே இணைத்தாயிற்று, உள்ளூர் ஆர்டர்களும் வருகின்றன என்று வைத்துக்கொள்கிறேன். அதுவரைக்குமான பாடம் இதில் இல்லை. இப்போது சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் "எங்க காசுல எவ்வளவு வரும்?" என்று வாட்ஸ்அப்பில் கேட்கத் தொடங்கியிருப்பார்கள். மதுரையில் சுங்குடிப் புடவை விற்கும் நண்பர் ஒருவரின் கடைக்கு இந்த வசதியைச் செய்து கொடுத்தேன். உதாரணங்கள் அங்கிருந்தே வருகின்றன.

மாற்று விகிதத்தை எங்கிருந்தோ எடுத்து விலையைப் பெருக்கிக் காட்டுவது சுலபம். கூப்பன், கூரியர் கட்டணம், கேஷ் (ரொக்கம் அல்ல, வேகத்துக்காகச் சேமித்து வைக்கும் பக்கப் பிரதி, cache) என்று விலையைச் சுற்றி இருப்பவைதான் ஆளைப் படுத்தும். அதனால் சுலபமானதை வேகமாகத் தாண்டிப் போகிறேன்.

காட்டுவதா, வசூலிப்பதா?

பிளகின் (கடையில் கூடுதல் வசதி சேர்க்கும் துணை நிரல்) தேடும் முன் இதை முடிவு செய்யுங்கள். விலையை டாலரில் காட்டிவிட்டு, கார்டில் ரூபாயை எடுப்பது ஒரு வழி. டாலரில் காட்டி டாலரிலேயே எடுப்பது இன்னொரு வழி.

முதல் வழிக்குக் கேட்வேயில் எதையும் மாற்ற வேண்டாம். ஆனால் ரூபாயை டாலராக்குவது வாடிக்கையாளரின் வங்கி. அது தன் விகிதத்தைப் போடும், மேலே கட்டணமும் சேர்க்கும். கடையில் பார்த்ததைவிடக் கார்டு கணக்கில் கூடுதலாகப் போயிருக்கும். "ஏன் அதிகமா எடுத்தீங்க?" என்று கேட்டு வரும் மெயிலுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

என் ஓட்டு இரண்டாவது வழிக்கு. அதற்குக் கேட்வேயில் சர்வதேசக் கார்டுகளுக்கான அனுமதியைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண்ணும் வேண்டும். இரண்டுக்கும் விண்ணப்பித்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள். அனுமதி வரும்வரை முதல் வழியிலேயே ஓட்டலாம், ஆனால் செக்அவுட் பட்டனுக்கு மேலேயே "இது தோராய மதிப்பு, பணம் ரூபாயில் எடுக்கப்படும்" என்று ஒரு வரி இருக்கட்டும்.

ஷாப்பிஃபையில் கடை வைத்திருப்பவர்களுக்கு: உள்ளூர் நாணயத்திலேயே வசூலிக்க ஷாப்பிஃபை பேமெண்ட்ஸ் தேவை, அது இந்தியக் கடைகளுக்குக் கிடையாது. நீங்கள் முதல் வழியோடு நிற்க வேண்டியதுதான்.

எந்த பிளகின்?

ஃபாக்ஸ் (பழைய பெயர் வூக்ஸ்), கர்சி, டபிள்யூபிஎம்எல் என்ற பன்மொழி பிளகினின் குழு தரும் வூகாமர்ஸ் மல்டிலிங்குவல் ஆகிய மூன்றைத்தான் பெரும்பாலும் பார்ப்பீர்கள். முதல் இரண்டின் இலவசப் பதிப்பில் இரண்டு நாணயங்கள் மட்டும். ரூபாயும் டாலரும் போதும் என்பவருக்கு அதுவே சரி. மூன்றாவதை, டபிள்யூபிஎம்எல் வாங்காமலே நாணய வசதிக்கு மட்டும் இலவசமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் செட்டிங்ஸ் பக்கம் எனக்கு ஒத்துவரவில்லை. ஃபாக்ஸ் பார்க்க அழகாக இருக்காது, ஆனால் எல்லாப் பட்டன்களும் ஒரே இடத்தில் கிடைக்கும். இங்கே அதையே எடுத்துக்கொள்கிறேன்.

நிறுவியதும் வூகாமர்ஸ் செட்டிங்ஸில் கரன்சி என்று புதிதாக ஒரு டேப் வரும். அதில் ரூபாயை அடிப்படை நாணயமாக வைத்து, சிங்கப்பூர் டாலரைச் சேருங்கள். அப்புறம் ஆப்ஷன்ஸ் பகுதியில் "இஸ் மல்டிபிள் அலவ்டு" என்று ஒரு வரி இருக்கும். பெயரைப் பார்த்து ஒன்றும் புரியாது. மேலே சொன்ன முடிவு இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. நோ என்றால் செக்அவுட்டில் விலை ரூபாய்க்குத் திரும்பிவிடும், எஸ் என்றால் வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த நாணயத்திலேயே பணம் எடுக்கப்படும்.

விகிதம்

ஐரோப்பிய மத்திய வங்கி வேலை நாட்களில் தினமும் ஒரு விகிதப் பட்டியல் வெளியிடுகிறது. இலவசம், நம்பகமானது. ஆனால் எல்லாம் யூரோ கணக்கில் இருக்கும். ஒரு யூரோவுக்கு 100 ரூபாய் என்றும் 1.50 சிங்கப்பூர் டாலர் என்றும் வைத்துக்கொண்டால், 1.50-ஐ 100-ஆல் வகுத்து, ஒரு ரூபாய்க்கு 0.015 டாலர். பிளகின் இந்தக் கணக்கைத் தானே போட்டுக்கொள்ளும்.

கவனிக்க வேண்டியது தசமத்தை. ரூபாய் அடிப்படையாக இருப்பதால் விகிதங்கள் எல்லாம் பொடி எண்களாக வரும். 0.015 என்பது இரண்டு தசமத்துக்குச் சுருங்கி 0.02 ஆனால், 1,850 ரூபாய்ப் புடவை 27.75 டாலருக்குப் பதில் 37 டாலராகிவிடும். விகிதத்துக்கு ஆறு தசமமாவது வையுங்கள். விலைக்கு இரண்டு போதும்.

அந்த வங்கிப் பட்டியலில் துபாய் திர்ஹாமோ இலங்கை ரூபாயோ இல்லை. ஒரு அமெரிக்க டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று கட்டப்பட்டிருப்பதால் டாலர் விகிதத்திலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம். இலங்கை ரூபாய்க்கு ஓபன் எக்ஸ்சேஞ்ச் ரேட்ஸ் மாதிரி வேறு சேவை வேண்டும். விகிதத்தை ஒரு நாளைக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். மணிக்கொரு முறை புதுப்பித்தால், காலையில் கூடையில் போட்ட புடவைக்கு மாலையில் வேறு விலை காட்டும்.

கேட்வே உங்களுக்கு ரூபாயாகத் தரும்போது அதன் சொந்த விகிதம்தான் பேசும். அதனால் விகிதத்தின் மேல் 3 சதவீதம் கூட்டி வையுங்கள். 27.75 இப்போது 28.58 ஆகும், அதை 28.90 என்று முடித்துவிடலாம். 28.58 என்று ஒரு விலையைப் பார்க்கும் யாருக்கும் ஏதோ இயந்திரம் போட்ட விலை என்று தெரிந்துவிடும்.

குறியும் சில்லறையும்

வூகாமர்ஸ் அமெரிக்க, சிங்கப்பூர், கனடா, ஆஸ்திரேலிய டாலர் நான்குக்கும் வெறும் $ குறியைத்தான் போடும். சிங்கப்பூர்க்காரர் அதை அமெரிக்க டாலர் என்று நினைத்து, விலை அதிகம் என்று போய்விடுவார். குறிக்கு முன்னால் நாட்டு எழுத்தைச் சேர்த்து, எஸ்-டாலர் என்று தெரியும்படி மாற்றுங்கள்.

ஜப்பானிய யென்னுக்குத் தசமம் கிடையாது. குவைத், பஹ்ரைன் தினார்களுக்கும் ஓமன் ரியாலுக்கும் மூன்று தசமம். பிளகினை விட்டு நீங்களே கேட்வேக்குத் தொகை அனுப்பும் நிரல் எழுதினால் இங்கே உஷார். பல கேட்வேக்கள் 299 ரூபாயை 29900 பைசாவாகக் கேட்கும், அதே பழக்கத்தில் யென்னையும் நூறால் பெருக்கினால் நூறு மடங்கு பில் போய்விடும்.

கூப்பனும் கூரியரும்

பொங்கலுக்கு "100 ரூபாய் தள்ளுபடி" கூப்பன் போட்டிருப்பீர்கள். பிளகின் அதை மாற்றவில்லை என்றால் வெறும் 100 என்ற எண்தான் செக்அவுட்டுக்குப் போகும். 28.90 டாலர் புடவையில் 100 டாலர் கழிந்தால் புடவை இலவசம். "3,000 ரூபாய்க்கு மேல் கூரியர் இலவசம்" என்பது நேர்மாறாக, 3,000 டாலருக்கு வாங்கினால்தான் என்று ஆகிவிடும். ஃபாக்ஸ் வழக்கமான கூப்பன்களைக் கையாளுகிறது. ஆனால் தள்ளுபடிக்கோ கூரியருக்கோ வேறு பிளகின் வைத்திருந்தால் ஒவ்வொன்றையும் வெளிநாட்டு நாணயத்தில் போட்டுப் பாருங்கள். சதவீதக் கூப்பனில் இந்தத் தொல்லையே கிடையாது. நண்பர் இப்போது அதை மட்டும்தான் தருகிறார்.

கேஷ்: இங்கே நிதானமாக வாருங்கள்

எல்லாம் சரியாக வேலை செய்கிறது, உங்கள் திரையில் மட்டும். வாடிக்கையாளருக்கோ புடவைப் பக்கத்தில் டாலர், கூடையில் ரூபாய். சில சமயம் மதுரையில் இருப்பவருக்கே டாலர்.

காரணம் இதுதான். கேஷ் பிளகின் ஒரு பக்கத்தை ஒருமுறை தயாரித்து, அந்தப் பிரதியையே அடுத்து வருபவர்களுக்கும் கொடுக்கும். முதலில் வந்தவர் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தால் டாலர் விலையோடு பக்கம் சேமிக்கப்பட்டுவிடும். கூடைப் பக்கமும் செக்அவுட்டும் பொதுவாகக் கேஷ் ஆவதில்லை, அதனால் அங்கே மட்டும் வேறு நாணயம். அட்மினாக லாகின் செய்திருப்பவருக்குப் பெரும்பாலும் கேஷ் பிரதி காட்டப்படாது, அதனால் உங்கள் கண்ணில் இது படவே படாது. எப்போதும் இன்காக்னிட்டோவில் பாருங்கள்.

தீர்வு இரண்டு. ஃபாக்ஸின் அட்வான்ஸ்டு பகுதியில் கேஷ் பிளகின் பயன்படுத்துகிறேன் என்று சொல்லும் ஒரு வரி உண்டு, அதை எஸ் ஆக்கினால் பக்கம் வந்த பிறகு விலை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கப்படும். ஒரு கணம் ரூபாய் தெரிந்து டாலராக மாறும். வேகம் குறைந்த இணைப்பில் அந்த ஒரு கணம் நீளும், ஆனாலும் தவறான விலை நிலைத்திருக்காது. இன்னொன்று, நாணயத்தின் பெயரை ஒரு குக்கீயில் (உலாவி வைத்திருக்கும் சிறு குறிப்பில்) வைத்து, குக்கீக்கு ஒரு பிரதி என்று கேஷைப் பிரித்துச் சேமிக்கச் சொல்வது. லைட்ஸ்பீட், டபிள்யூபி ராக்கெட் என்ற கேஷ் பிளகின்கள் இரண்டிலும் இது முடியும். நான்கைந்து நாணயம் வரை எனக்கு இதுதான் பிடித்த வழி. கேஷையே அணைத்துவிடுங்கள் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் கடை படுத்துவிடும்.

எந்த நாட்டிலிருந்து வருகிறார்கள் என்று தானாகக் கண்டுபிடிக்க, ஐபி முகவரியை வைத்து நாட்டைச் சொல்லும் மேக்ஸ்மைண்ட் சேவையின் இலவச உரிமச் சாவி வேண்டும். வூகாமர்ஸ் செட்டிங்ஸில் இன்டக்ரேஷன் டேபில் அதை ஒட்டுங்கள். அதே நேரம் ஹெடரில், கூடைக்குப் பக்கத்தில், நாணயத்தைக் கையால் மாற்றும் பட்டனும் இருக்கட்டும். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு, மதுரையில் இருக்கும் அம்மாவுக்கு இந்தியக் கார்டில் புடவை வாங்கும் மகள் அந்தக் கடையின் நல்ல வாடிக்கையாளர். அவருக்கு ரூபாய்தான் வேண்டும்.

பிறகு சேர்த்தது

கூகுள் தேடலில் தன் பொருளுக்கு டாலர் விலை வருகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். கடைப் பக்கங்களைப் படித்துப் போக வரும் கூகுளின் தேடு இயந்திரம் பெரும்பாலும் அமெரிக்க முகவரியிலிருந்தே வருகிறது, கடையும் அதற்கு அமெரிக்க விலையைக் காட்டிவிடுகிறது. தேடு இயந்திரங்களுக்கு எப்போதும் அடிப்படை நாணயமே போகும்படி வைத்துவிடுங்கள்.

இன்னொருவருக்கு மாத விற்பனை அறிக்கை உதைத்தது. 1,850 ரூபாய் ஆர்டரையும் 28.90 டாலர் ஆர்டரையும் கூட்டி 1,878.90 என்று காட்டியிருக்கிறது. நாணய வாரியாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஆர்டரிலும் அன்றைய விகிதம் பதிவாகிறதா என்று இப்போதே திறந்து பாருங்கள், ஆடிட்டர் கேட்கும்போது அது கையில் இருக்க வேண்டும்.