நாளைக்கு மழை லீவா? பார்க்க வேண்டியது இவ்வளவுதான்

பொள்ளாச்சியில் இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறேன். மழை விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். முந்தின நாள் ராத்திரியோ விடியற்காலையிலோ அறிவிப்பு வரும். வாட்ஸ்அப்பில் போன வருடத்துப் படமே சுற்றும், தேதியைப் பாருங்கள். அப்புறம் தாலுகா பெயர், இதுதான் முக்கியம். தென்மேற்குப் பருவமழையில் எங்கள் கோவை மாவட்டத்தில் மலைமேல் இருக்கும் வால்பாறை தாலுகாவுக்கு மட்டும் லீவு விடுவார்கள். கீழே எங்களுக்குப் பள்ளி உண்டு. ஒருமுறை 'கோவை மாவட்டம்' என்பதை மட்டும் படித்துவிட்டு மகளைத் தூங்கவிட்டேன். அன்றைக்குப் பரீட்சை. அழுதுகொண்டே போனாள், பாவம். "பள்ளிகளுக்கு மட்டும்" என்று இருந்தால் கல்லூரி நடக்கும். வழியில் பள்ளத்துத் தண்ணீர் ரோட்டுக்கு ஏறிவிட்டதா? அறிவிப்புக்குக் காத்திருக்காமல், டீச்சரிடம் சொல்லிவிட்டுப் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மரம் விழுந்தால், வெள்ளம் புகுந்தால் 1077-க்குக் கூப்பிடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை அது. விட்ட நாளுக்குச் சனிக்கிழமை வகுப்பு வைப்பார்கள்.