அமெரிக்க வரலாறு: விடை தெரிந்தும் தவறும் இடங்கள்

என் அத்தை அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த சமயம். முப்பது வருடம் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர், மனப்பாடம் அவருக்குப் பெரிய காரியமே இல்லை. ஒருநாள் இரவுச் சாப்பாடு முடிந்ததும் கேள்வித்தாளை என் கையில் கொடுத்து, "கேளுடா" என்றார். சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர் யார்? "தாமஸ் ஜெபர்சன்." நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. சரி, தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டுப் பார்ப்போம் என்று, "அரசியலமைப்புச் சட்டத்தை எழுதினப்போ ஜெபர்சன் எங்க இருந்தார் அத்தை?" என்றேன்.

"பிலடெல்பியாவிலதான். வேற எங்க இருப்பார்?"

பாரிஸில் இருந்தார். 1787 கோடையில் பிலடெல்பியாவில் கதவைச் சாத்திக்கொண்டு அந்தச் சட்டத்தை எழுதியபோது ஜெபர்சன் பிரான்ஸில் தூதர், ஜான் ஆடம்ஸ் லண்டனில் தூதர். செப்டம்பர் 17 அன்று கையெழுத்துப் போட்ட 39 பேரில் இந்த இருவரும் இல்லை.

அத்தையின் ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை. 1776க்கும் 1787க்கும் நடுவில் இருந்த 11 வருடம்தான் அவர் மனதில் இல்லை. அமெரிக்க வரலாற்றில் தங்களைச் சோதித்துப் பார்க்கிற பலரிடம் நான் காண்பது இதுதான். வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டு நடந்த ஒன்றை ஒரே தேதியாக, ஒரே ஆளாகச் சுருக்கி வைத்துக்கொள்கிறார்கள். கேள்வி கொஞ்சம் திரும்பினால் பதில் கையைவிட்டுப் போய்விடுகிறது.

ஜூலை 4ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனிடமிருந்து பிரிவது என்று வாக்களித்தது 1776 ஜூலை 2 அன்று. 4ஆம் தேதி பிரகடனத்தின் வாசகத்தை ஏற்றுக்கொண்டார்கள். பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2 அன்று. வருங்காலத் தலைமுறைகள் ஜூலை 2ஐத்தான் கொண்டாடும் என்று ஆடம்ஸ் தன் மனைவிக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. போரோ அதற்கு முந்தைய வருடம், 1775 ஏப்ரலிலேயே லெக்சிங்டனில் தொடங்கிவிட்டது. வாஷிங்டன் முதல் அதிபராகப் பதவியேற்றது 1789 ஏப்ரல் 30 அன்று, அதுவும் நியூயார்க்கில். அவர் பெயர் கொண்ட தலைநகரம் அப்போது இல்லை. வெள்ளை மாளிகையில் அவர் ஒருநாள்கூடக் குடியிருந்ததில்லை. '1776ல் சுதந்திரம், வாஷிங்டன் அதிபரானார்' என்று ஒரே மூச்சில் சொல்பவர் நடுவில் 13 வருடத்தைத் தாண்டிவிடுகிறார். நாடு தோற்றுப்போயிருக்கக்கூடிய வருடங்கள் அவை.

போரின் முடிவிலும் இதே தவறுதான். 1781 அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸின் படை சரணடைந்தது, அதோடு போர் முடிந்தது என்று எழுதுவார்கள். பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தானது 1783 செப்டம்பர் 3 அன்று. அமெரிக்கர்களுக்காகப் போரில் இறங்கிய பிரெஞ்சுக்காரர்கள் பிரிட்டிஷாரோடு பல கடல்களில் மோதிக்கொண்டிருந்தார்கள். 1783 ஜூனில் அவர்கள் சண்டையிட்டுக்கொண்டிருந்த இடம் நம் கடலூர்! ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தி வந்த பிறகுதான் அங்கே பீரங்கிகள் ஓய்ந்தன. கார்ன்வாலிஸும் அதோடு காணாமல் போகவில்லை. 1786ல் கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்து திப்பு சுல்தானோடு போர் செய்தார். அவருடைய சிலை சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதைப் பார்த்த பிறகு எனக்கு 1781 என்ற வருடம் மறந்ததே இல்லை.

பாஸ்டன் தேநீர் விருந்துக்கு வருவோம். 1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் குடியேற்றவாசிகள் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். ஏன் என்று கேட்டால், "தேயிலைக்கு வரியை ஏற்றிவிட்டார்கள்" என்று நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சொல்வார்கள். அந்த வருடம் வந்த தேயிலைச் சட்டம் புது வரி எதுவும் போடவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி நேரடியாக விற்க வழிவிட்டதால் தேயிலையின் விலை குறையத்தான் இருந்தது. பவுண்டுக்கு 3 பென்ஸ் என்ற பழைய வரி மட்டும் அப்படியே இருந்தது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிக் குடித்தால், தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத நாடாளுமன்றம் தங்கள்மேல் வரி போடலாம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். கோபம் அங்கேதான். உள்ளூர் வியாபாரிகளின் பிழைப்பும் போகும் என்பது இன்னொரு காரணம். நம்மவர்கள் கூடுதலாக ஒரு தவறு செய்கிறார்கள். கம்பெனி என்றதும் அது இந்தியத் தேயிலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது சீனத் தேயிலை. அசாமில் கம்பெனி தேயிலை பயிரிடத் தொடங்கியது அடுத்த நூற்றாண்டில்தான்.

சரி, மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இதைத் தவறாகப் புரிந்துகொண்டால் அதற்கு அப்புறம் வரும் நூறு வருட வரலாறும் தவறாகிவிடும்.

"லிங்கன் 1863ல் அடிமைமுறையை ஒழித்தார்." இந்த வாக்கியத்தை நானும் பள்ளியில் படித்தேன். அந்த வருடம் அவர் வெளியிட்ட அடிமை விடுதலைப் பிரகடனத்தை ஒருமுறை பொறுமையாக வாசித்துப் பாருங்கள். அதில் உள்நாட்டுப் போரில் கிளர்ச்சி செய்த தென்மாநிலங்களின் பட்டியல் ஒன்று வரும். ஆர்கன்சா, டெக்சாஸ், லூசியானா என்று போகும். லூசியானாவுக்குப் பக்கத்திலேயே நியூ ஆர்லியன்ஸ் உள்ளிட்ட சில பகுதிகள் நீங்கலாக என்று இருக்கும். வர்ஜீனியாவிலும் அப்படியே, மேற்கு வர்ஜீனியா என்று பிரிந்துகொண்டிருந்த 48 கவுண்டிகளும் இன்னும் சில இடங்களும் நீங்கலாக. டென்னசியின் பெயரே இல்லை. கிளர்ச்சியில் சேராமல் ஒன்றியத்திலேயே இருந்த அடிமை மாநிலங்கள் நான்கு: டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரி. அவற்றுக்கும் இது பொருந்தாது. லிங்கன் போர்க்கால அதிகாரத்தைக் கொண்டு, எதிரியின் கையில் இருந்த பகுதிகளுக்கு மட்டும் போட்ட உத்தரவு அது. ராணுவம் முன்னேற முன்னேறத்தான் விடுதலையும் போய்ச் சேர்ந்தது. டெக்சாஸின் கால்வெஸ்டனில் படை வந்து அறிவித்தது 1865 ஜூன் 19 அன்று. தெற்கின் தளபதி லீ சரணடைந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, லிங்கன் உயிரோடு இல்லை. 'ஜூன்டீன்த்' என்று இன்று விடுமுறை விடுவது அந்த நாளுக்குத்தான். கென்டக்கியிலும் டெலவேரிலும் சட்டப்படி அடிமைகள் இருந்தது 1865 டிசம்பர் வரை. அந்த மாதம் அரசியலமைப்புச் சட்டத்தின் 13ஆவது திருத்தம் நிறைவேறியபோதுதான் நாடு முழுக்க அடிமைமுறை ஒழிந்தது.

இதனால் பிரகடனம் வெறும் காகிதம் என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறு. கறுப்பின ஆண்களைப் படையில் சேர்க்க வழிசெய்தது அதே ஆவணம்தான். போர் முடிவதற்குள் ஏறக்குறைய 1,80,000 பேர் சேர்ந்தார்கள். தங்கள் விடுதலைக்குத் தாங்களே போரிட்டவர்களை விட்டுவிட்டு லிங்கன் பெயரை மட்டும் எழுதுவது எனக்கு மனது ஒப்பாத விஷயம்.

அதனால்தான் எந்த வருடத்தைப் படித்தாலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளச் சொல்கிறேன்: மறுநாள் காலை யாருக்கு என்ன மாறியது, யாருக்கு மாறவில்லை? 1870ல் 15ஆவது திருத்தம், நிறத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது. வாக்குச்சாவடிக்குப் போனவரை எழுத்தறிவுச் சோதனையும் வாக்களிக்கக் கட்ட வேண்டிய வரியும் திருப்பி அனுப்பின. 1965 வாக்குரிமைச் சட்டம்வரை, 95 வருடம்.

உள்நாட்டுப் போரின் காரணம் கேட்டால் 'மாநில உரிமை' என்று சொல்பவர்கள் உண்டு. 100 கேள்விகள் கொண்ட பழைய குடியுரிமைத் தேர்வில் அதுவும் ஏற்கப்பட்ட விடைகளில் ஒன்று. ஆனால் தெற்கு கரோலினா 1860 டிசம்பரில் பிரிந்தபோது வெளியிட்ட அறிக்கையைப் படியுங்கள். தப்பியோடி வந்த அடிமைகளைத் திருப்பிக் கொடுக்காமல் வடமாநிலங்கள் தடைபோடுகின்றன என்பது அதில் ஒரு பெரிய புகார். அதாவது வடமாநிலங்கள் தங்கள் உரிமையைப் பயன்படுத்தியதே அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

ஒரே ஆளாகச் சுருக்குவதற்கு ரோசா பார்க்ஸ் நல்ல உதாரணம். கால் வலித்த ஒரு கறுப்பினத் தையல்காரப் பெண் பேருந்தில் வெள்ளையர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார் என்றே பலர் நினைக்கிறார்கள். 1955 டிசம்பர் 1 அன்று அலபாமாவின் மாண்ட்கோமரியில் அவர் உட்கார்ந்திருந்தது வெள்ளையர் பகுதிக்குப் பின்னால் இருந்த இருக்கையில். முன்பகுதி நிரம்பியதும் அதையும் விடச் சொன்னார்கள், அவர் மறுத்தார், கைதானார். வயது 42. பல வருடங்களாகக் கறுப்பினத்தவரின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின் உள்ளூர்க் கிளையில் செயலாளர். அவருக்கு ஒன்பது மாதம் முன்பே, அதே ஊரில், அதே காரணத்துக்காகக் கைதானார் கிளாடெட் கால்வின் என்ற 15 வயதுப் பெண். பார்க்ஸ் கைதானதை அடுத்துத் தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. ஆனால் பேருந்துச் சட்டத்தை நீதிமன்றத்தில் உடைத்த வழக்கைத் தொடுத்தவர்களில் கிளாடெட் இருந்தார், பார்க்ஸ் இல்லை.

தமிழில் படிப்பவர்களுக்கு மட்டும் வரும் சில சிக்கல்கள் உண்டு. 'விடுதலைப் பிரகடனம்' என்று எழுதினால் அது 1776ஆ 1863ஆ என்று புரியாது. முன்னதைச் சுதந்திரப் பிரகடனம், பின்னதை அடிமை விடுதலைப் பிரகடனம் என்றே எழுதிப் பழகுங்கள். 'காங்கிரஸ்' என்றால் அங்கே கட்சி இல்லை, நாடாளுமன்றம். 'ஸ்டேட் செக்ரட்டரி'யை மாநிலச் செயலர் என்று மொழிபெயர்த்து நான் பார்த்திருக்கிறேன், அவர் வெளியுறவு அமைச்சர்.

பெயர்க் குழப்பங்களும் கொஞ்சம் உண்டு. ரூஸ்வெல்ட் இருவர், ஆடம்ஸ் இருவர், ஜான்சன் இருவர், அதிலும் இரண்டு ஜான்சன்களும் கொலையுண்ட அதிபருக்குப் பின் பதவிக்கு வந்தவர்கள். டாலர் நோட்டில் படம் இருப்பதால் பிராங்க்ளினும் ஹாமில்டனும் அதிபர்கள் ஆகிவிட மாட்டார்கள்.

கடைசியாக, சோதித்துக்கொள்ளும் முறை. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வு செய்கிற வினாடிவினாவில் முழு மதிப்பெண் வாங்குவதை நம்ப வேண்டாம். பெயரைப் பார்த்ததும் அடையாளம் தெரிவது வேறு, ஒன்றும் இல்லாத இடத்தில் நினைவிலிருந்து எடுப்பது வேறு. குடியுரிமைத் தேர்வு வாய்மொழித் தேர்வு, அதிகாரி விடைகளை நீட்ட மாட்டார். அதனால் தாளை மூடிவைத்துவிட்டு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கேள்வித்தாள் புதியதா என்றும் பாருங்கள். அத்தை போனபோது 100 கேள்விகளில் 10 கேட்டார்கள், 6 சரியானால் போதும். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களுக்கு 128 கேள்விகள், அதில் 20 கேட்பார்கள், 12 சரியாக வேண்டும். 65 வயதாகி, நிரந்தரக் குடியிருப்பு அட்டையோடு 20 வருடம் இருந்தவர்களுக்கு மட்டும் தனிப் பட்டியலிலிருந்து 10 கேள்வி.

ஒரு பெயர் கேட்டால் ஒன்றே சொல்லி நிறுத்துங்கள். அத்தையிடம் அடிமை விடுதலைப் பிரகடனம் என்ன செய்தது என்று கேட்டார்களாம். "கிளர்ச்சி மாநிலங்களில் இருந்த அடிமைகளை விடுவித்தது" என்று ஒரே வரியில் சொல்லியிருக்கிறார், சரி என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். கென்டக்கியையும் டெலவேரையும் அன்று ராத்திரி எனக்குப் போன் செய்து சொன்னார்.