சோலார் ஹீட்டரில் வெந்நீர் ஆறி வருகிறதா? முதலில் பைபாஸ் வால்வைப் பாருங்கள்

பெங்களூரில் மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர் வைத்திருக்கும் பலரும், நல்ல வெயில் அடித்த நாளிலும் குளியலறைக்கு வெதுவெதுப்பான தண்ணீர்தான் வருகிறது என்கிறார்கள். வெயிலை வாங்கித் தண்ணீரைச் சூடாக்கும் பகுதியான கலெக்டரை மாற்றப் பணம் செலவழிப்பதற்கு முன் பைபாஸ் வால்வைச் சோதித்துவிடுங்கள்.

ஹீட்டரின் டேங்குக்குப் பச்சைத் தண்ணீர் போகும் குழாயில் ஒரு வால்வு, வெந்நீர் வெளிவரும் குழாயில் ஒரு வால்வு, இவ்விரண்டையும் டேங்கின் வெளியே இணைக்கும் குறுக்குக் குழாயில் ஒரு வால்வு. மூன்றாவதுதான் பைபாஸ். டேங்கைப் பழுதுபார்க்கும்போது முதல் இரண்டையும் மூடி இதைத் திறந்தால், வெந்நீர்க் குழாயிலும் பச்சைத் தண்ணீராவது வரும். மற்ற நாட்களில் இது இறுக மூடியிருக்க வேண்டும். சிறிது கசிந்தாலும் டேங்கிலிருந்து வரும் வெந்நீரில் பச்சைத் தண்ணீர் கலந்துவிடும். அல்சூரில் எங்கள் வீட்டு பைபாஸில் இருந்த கேட் வால்வைக் கழற்றியபோது, போர்வெல் தண்ணீரின் உப்பு உள்ளே சுண்ணாம்புபோல் கெட்டியாகப் படிந்திருந்தது. கைப்பிடியைக் கடைசிவரை திருகியிருந்தும் உள்தகடு முழுமையாக இறங்கியிருக்கவில்லை.

சோதிக்கும் முறை எளிது. மாடியில் வெந்நீர் வெளிவரும் வால்வை மட்டும் மூடிவிட்டு, குளியலறையின் வெந்நீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். குழாயில் தேங்கியது வடிந்ததும் தண்ணீர் நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால், வீட்டிலுள்ள மிக்ஸர்களுக்கு (வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் குழாய்கள்) பச்சைத் தண்ணீர் தரும் ஆங்கிள் வால்வுகளை (சுவரோடு இருக்கும் சிறிய வால்வுகள்) ஒவ்வொன்றாக மூடுங்கள். ஏதாவது ஒன்றை மூடியதும் நின்றால் கோளாறு அந்த மிக்ஸரில். எல்லாவற்றையும் மூடியும் ஓடிக்கொண்டிருந்தால் பைபாஸில். மிக்ஸர் வழியாகவும் தண்ணீர் கலக்கும் என்பதைப் பிளம்பர்களே சில சமயம் மறந்துவிடுகிறார்கள்.

புது வால்வு போடுவதானால், வெயில் ஏறுமுன், மேல்நிலைத் தொட்டியின் குழாயையும் டேங்கின் இரண்டு வால்வுகளையும் மூடிவிட்டு, குழாயில் மிஞ்சியிருக்கும் வெந்நீரை வடித்தபின் தொடங்குங்கள். உப்புத் தண்ணீருக்குப் பித்தளை பால் வால்வே (ball valve) மேல் என்பது என் கருத்து. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து மூடினால் இறுகிப்போகாது.

டேங்கில் மின்சார ஹீட்டரும் இருந்தால் தெர்மோஸ்டாட்டை 60 டிகிரியில் வையுங்கள். அதற்கு மேல் போனால் உப்பு இன்னும் வேகமாகப் படியும். 100 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 4 யூனிட் ஆகும் என்பதால், மேகமூட்டமான நாட்களில் மட்டும், குளிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு போட்டால் போதும். டேங்கில் தண்ணீர் இல்லாதபோது ஒருபோதும் போடாதீர்கள், ஹீட்டரின் காயில் (சூடாகும் சுருள்) எரிந்துவிடும். டேங்கின் உச்சியில் ஆவி போவதற்கென்று மேல்நோக்கி நிற்கும் குழாய் இருந்தால், அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வழிந்தாலும் வால்வோ மூடியோ போடக்கூடாது. அதை அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி டேங்கே வெடிக்கலாம்.