மலையில் வாடகைக்கு விட வீடு வாங்குகிறீர்களா? மழையில் போய்ப் பாருங்கள்

நீலகிரியில் வீடு வாங்கி வாடகைக்கு விடலாம் என்று நினைப்பவர்கள் ஏப்ரல், மே சீசனில் மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். அப்போது எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும். குன்னூர், கோத்தகிரி என்றால் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர், நவம்பரில் போங்கள். கூடலூர் என்றால் ஜூலையில். மேட்டுப் பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று ஈரம் ஒட்டினாலோ, பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூசணம் படர்ந்திருந்தாலோ, புது பெயின்ட் அடித்தெல்லாம் சமாளிக்க முடியாது. ஓதம் அடிக்கும் வீட்டில் கைக்குழந்தை உள்ள குடும்பம் தங்காது. நீங்கள் அடிக்கடி ஆள் தேட வேண்டியதுதான்.

அப்புறம் ஒப்பந்தம். தெரிந்தவர்தானே என்று வாய்ப்பேச்சில் விடாதீர்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். வேறு மாதிரி பேசி எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். பத்து மாதம் வாங்கிப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும்!

கோடையில் குழாய் வறண்டால் லாரித் தண்ணீருக்கு யார் காசு கொடுப்பது, கீசர் பழுதானால் யார் பார்ப்பது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். சாவி கொடுக்கும் அன்று சுவர், ஜன்னல், கரண்ட் மீட்டர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, குடிவருபவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.