கல்விப் பணியில் இறங்கும் சேவைச் சங்கங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோட்டரி, அரிமா (லயன்ஸ்) போன்ற சேவைச் சங்கம் ஒன்றில் புதிதாகப் பொறுப்பேற்ற கல்விக் குழுவினரின் திட்டக் கூட்டத்தில் அண்மையில் பார்வையாளனாக அமர்ந்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் அவர்கள் எடுத்த முடிவுகளில் பாதிக்கு மேல், முன்பு நானே எடுத்துப் பின்னர் வருந்தியவை. அழையா ஆலோசகனாகக் குறுக்கிட மனம் வராமல் எழுந்து வந்துவிட்டேன். அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். கணக்கு எழுதாமல் விடுவது, பள்ளியின் அனுமதியின்றி நுழைவது, சொன்ன நேரத்துக்குப் போகாமல் இருப்பது போன்றவை தவறு என்பது செய்பவருக்கே தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். நல்ல எண்ணத்தோடும் கைதட்டலோடும் செய்யப்படும் தவறுகள்தாம் கண்டுபிடிக்கக் கடினமானவை.

## புத்தகம் வந்தால் வாசிப்பும் வந்துவிடும் என்று நம்புதல்

கென்யாவின் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு 1990களில் பாடநூல்களை இலவசமாக வழங்கி, அதன் விளைவைப் பொருளியலாளர்கள் சிலர் அளந்தார்கள். 2009இல் வெளியான அந்த ஆய்வின்படி, மாணவர்களின் சராசரி மதிப்பெண் உயரவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவர்கள் மட்டுமே பயனடைந்தார்கள். நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பல குழந்தைகளுக்கு அது மூன்றாவது மொழி. புத்தகம் கைக்கு வந்தும் அவர்களால் அதைப் படிக்க முடியவில்லை.

எங்கள் சங்கத்தின் முதல் புத்தகத் திரட்டல் இதைவிட மோசமானது. உறுப்பினர்கள் தங்கள் வீட்டு அலமாரிகளைக் காலி செய்தார்கள். காலாவதியான தேர்வு வழிகாட்டிகளும், பயன்பாட்டில் இல்லாத மென்பொருளுக்கான கையேடுகளும், அட்டையில்லாத நாவல்களும் ஒரு தொடக்கப் பள்ளிக்கு மூட்டை மூட்டையாகப் போய்ச் சேர்ந்தன. அவற்றைத் தரம் பிரிக்கும் வேலை ஆசிரியர்கள் தலையில் விழுந்தது. எத்தனை நூல்கள் கொடுத்தோம் என்று மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் எண்ணிக்கை பெரிதாக இருந்தது. எத்தனை நூல்களை எந்தக் குழந்தை படித்தது என்று யாரும் கேட்கவில்லை. ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களில் தடுமாறினால் அந்த நூல் அக்குழந்தைக்கு இன்னும் கடினம் என்பது ஆசிரியர்கள் கையாளும் எளிய அளவு. அதைச் சோதித்துப் பார்த்த பிறகு வாங்கும் ஐம்பது நூல்கள், சோதிக்காமல் கொடுக்கும் ஆயிரம் நூல்களைவிடப் பயன்படும்.

## வகுப்பைக் கேட்டுக் குழு பிரித்தல்

ஐந்தாம் வகுப்பில் இருக்கும் குழந்தை ஐந்தாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கும் என்று எண்ணித் தன்னார்வலர்களைப் பிரித்து அனுப்பினால், முதல் வாரத்திலேயே இரு தரப்பும் சலித்துவிடும். இந்தியாவில் பிரதம் என்னும் கல்வித் தொண்டு அமைப்பின் முன்முயற்சியில் 2005இல் தொடங்கிய அசர் ஆய்வு, குழந்தையின் வாசிப்பை எழுத்து, சொல், முதல் வகுப்பு நிலைப் பத்தி, இரண்டாம் வகுப்பு நிலைக் கதை என்னும் படிகளில் பார்க்கிறது. ஒரே ஒரு தாளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழந்தையையும் தனியே அழைத்துச் சில நிமிடங்களில் இதைச் செய்துவிடலாம். பிரிக்க வேண்டியது வயதையோ வகுப்பையோ பார்த்தல்ல, நின்றுபோன படியைப் பார்த்து.

## விழாவோடு முடித்துக்கொள்ளுதல்

யுனெஸ்கோ 1966இல் அறிவித்த உலக எழுத்தறிவு நாள் செப்டம்பர் 8. செப்டம்பர் 9 அன்று பள்ளிக்குப் போகப் போகிறவர் யார் என்பதை முடிவு செய்த பிறகு பதாகை அச்சிடுங்கள்.

## ஜூலை 1 அன்று முந்தைய தலைவரின் திட்டத்தைக் கைவிடுதல்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். இதைச் செய்தவர்களில் நானும் ஒருவன்.

ரோட்டரிக்கும் அரிமா சங்கத்துக்கும் பணியாண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது; கிவானிஸ் சங்கங்களுக்கு அது அக்டோபர் 1இல் தொடங்குகிறது. தலைவர் பதவி பொதுவாக ஓராண்டுக்கானது. பொறுப்பு ஒருவரிடமே தேங்கிவிடாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு என்பதில் எனக்கு ஐயமில்லை. 1905இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் தொடங்கிய சங்கத்துக்கு ரோட்டரி என்ற பெயர் அமைந்ததே, உறுப்பினர்களின் அலுவலகங்களில் சுழற்சி முறையில் கூடியதால்தான். ஆனால் எழுத்துக் கூட்டத் திணறும் குழந்தை சரளமாகப் படிக்கும் நிலைக்கு வருவது எந்தச் சங்கத்தின் பணியாண்டையும் பார்த்து நடப்பதில்லை. சில குழந்தைகளுக்கு அதற்கு இரண்டு ஆண்டுகள், சிலருக்கு அதற்கும் மேல் ஆகிறது.

நான் தலைவரானபோது, எனக்கு முன்பிருந்தவர் தொடங்கிய வாசிப்பு வட்டம் ஒரு தொடக்கப் பள்ளியில் எட்டு மாதங்களாக நடந்துகொண்டிருந்தது. வாரத்துக்கு இரண்டு மாலைகள், முக்கால் மணி நேரம், இருபத்தாறு குழந்தைகள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு குறிப்பேடு. அதில் அன்று படித்த பக்கமும் தடுமாறிய சொற்களும் இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதில் காட்டுவதற்கு எதுவும் இல்லை. நான் அதை 'அவருடைய திட்டம்' என்று நினைத்தேன். எனக்கென்று ஒரு முத்திரைத் திட்டம் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வாசிப்பு வட்டத்துக்கு ஒதுக்கிய பணத்தை எடுத்து அதே பள்ளியில் ஒரு கணினி அறை அமைத்தேன். தன்னார்வலர்களை அதன் திறப்பு விழா வேலைக்கு மாற்றினேன். வாசிப்பு வட்டத்தை நிறுத்துவதாக நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆள் போகாததால் அது தானாக நின்றுவிட்டது. அப்படி ஒரு முடிவை எடுத்ததாகவே எனக்கு அப்போது தோன்றவில்லை என்பதுதான் இதில் எனக்கு இன்றும் உறுத்துவது.

ஒன்றரை ஆண்டு கழித்து வேறு வேலையாக அந்தப் பள்ளிக்குப் போனேன். கணினிகள் உறையிட்டு மூடப்பட்டிருந்தன. பழுதானால் யாரை அழைப்பது என்று நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. தலைமை ஆசிரியை அலமாரியைத் திறந்து அந்த இருபத்தாறு குறிப்பேடுகளையும் எடுத்து வைத்தார். எல்லாவற்றிலும் கடைசிப் பதிவு ஜூன் மாதத்தில் இருந்தது. சொற்களைப் படிக்கத் தொடங்கியிருந்தவர்களில் சிலர் மீண்டும் படத்தைப் பார்த்து ஊகிக்கும் நிலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார். பிறகு, எந்தக் கடுமையும் இல்லாத குரலில், "இந்த முறை எத்தனை மாதம் வருவீர்கள், சார்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எங்கள் சங்கத்தின் அடுத்த இரண்டு வேண்டுகோள்களையும் அந்தப் பள்ளி மறுத்துவிட்டது. அவர்கள் செய்தது சரி.

இதைத் தவிர்க்க நல்லெண்ணம் போதாது, ஏற்பாடு வேண்டும். கல்விக் குழுவின் தலைவரை மூன்றாண்டுக் காலத்துக்கு நியமியுங்கள். சங்கத் தலைவர் மாறினாலும் அவர் மாறக் கூடாது. பள்ளியோடு செய்துகொள்ளும் எழுத்து உடன்பாட்டில் முன்னாள் தலைவர், இந்நாள் தலைவர், அடுத்த ஆண்டுக்குத் தேர்வானவர் ஆகிய மூவரும் கையெழுத்திட வேண்டும். பணத்தை ஒதுக்கும்போதே இரண்டாம், மூன்றாம் ஆண்டுக்கான தொகையைத் தனிக் கணக்கில் வைத்துவிடுங்கள். பொதுக் கணக்கில் இருக்கும் பணத்தை அடுத்த தலைவர் எடுத்துவிடுவார், நான் எடுத்ததைப் போல. வாசிப்பு வட்டத்தைச் சங்கத்தின் பணியாண்டோடு அல்லாமல் பள்ளியின் கல்வியாண்டோடு தொடங்குங்கள். குறிப்பேடுகளின் ஒரு படி சங்கத்திடமும் இருக்கட்டும். அது இல்லையென்றால் புதிதாக வரும் தன்னார்வலர் ஒவ்வொருவரும் குழந்தையை முதல் எழுத்திலிருந்தே தொடங்க வைப்பார், குழந்தையும் மறுபேச்சின்றித் தொடங்கும்.

புதிய தலைவருக்குத் தன் பெயர் நிற்க வேண்டும் என்ற ஆசை இருக்கும். அதைக் கேலி செய்வதால் பயனில்லை. இரண்டாம் படிக்கான நூல் தொகுதியையோ, இன்னொரு பள்ளிக்கு விரிவாக்குவதையோ அவர் பெயரில் செய்யட்டும். பதவியேற்பு உரையில் 'இந்த ஆண்டின் முத்திரைத் திட்டம்' என்ற சொல்லைக் கேட்டால், எந்தப் பழைய திட்டத்தின் பணத்தில் அது நடக்கப்போகிறது என்று பொருளாளரிடம் கேட்பது இப்போது எனக்கு வழக்கமாகிவிட்டது.

## கண்ணைச் சோதிக்காமல் குழந்தையை மந்தம் என்று எழுதுதல்

பார்வையும் செவித்திறனும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லர் 1925இல் அரிமா சங்கங்களின் பன்னாட்டு மாநாட்டில் நேரில் நின்று, பார்வையிழப்புக்கு எதிரான பணியை ஏற்கும்படி கேட்டுக்கொண்டார். கண் சோதனை முகாம் நடத்தும் சங்கங்களே தங்கள் வாசிப்பு வட்டத்துக் குழந்தைகளை அந்த முகாமுக்கு அழைத்துப் போகாமல் விடுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் தனித்தனிக் குழு என்பதுதான் காரணம்.

## முதியோருக்குக் குழந்தைகளின் பாடநூலைக் கொடுத்தல்

எழுதப் படிக்கக் கற்க வரும் நாற்பது வயதுக்காரர் ஏதோ ஒரு தேவையோடுதான் வருகிறார். மருந்துச் சீட்டைப் படிக்க வேண்டும், கையெழுத்திடும் தாளில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும், மகளின் மதிப்பெண் அட்டையைப் பிறர் உதவியின்றிப் பார்க்க வேண்டும். முதல் நாளில் அந்தத் தேவையைக் கேட்டு, அந்தத் தாளையே பாடமாக வையுங்கள். பூனைப் படமும் யானைப் படமும் போட்ட நூலைக் கொடுத்தால் இரண்டாம் நாள் அவர் வர மாட்டார். வேலை இருந்தது என்று மரியாதையாகச் சொல்லிவிடுவார்.

## புகைப்படம்

பெற்றோரின் சம்மதமின்றிக் குழந்தையின் முகத்தை வெளியிடாதீர்கள். 'படிக்கத் தெரியாத சிறுவன்' என்ற விளக்கத்தோடு, சம்மதம் இருந்தாலும் வெளியிடாதீர்கள்.