கல்லாவில் இருப்பது யாருடைய பணம்?

வெள்ளிக்கிழமை இரவு சிங்கப்பூரின் தேக்காவில் கடையடைக்கும் நேரம். சாப்பாட்டுக் கடை வைத்திருந்த என் ஒன்றுவிட்ட அண்ணன் கல்லாவைக் கவிழ்த்து, பத்து வெள்ளி, ஐம்பது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டுகளைத் தனித்தனியாக அடுக்கி ரப்பர் வளையம் போடுவார். அந்தக் கட்டிலிருந்தே பிள்ளையின் துணைப்பாடக் கட்டணத்தை எடுப்பார். வீட்டு மளிகைக்கும் அதுவே. சாப்பாடு ருசியாக இருந்தது, கூட்டமும் குறையவில்லை. ஆனாலும் மூன்றாம் ஆண்டில் கடையை மூடிவிட்டார்.

தொழில்முனைவர் என்றால் துணிச்சல்காரர், புதிதாக யோசிப்பவர் என்கிறோம். பிறர் பணத்துக்குப் பொறுப்பேற்பவர் என்றுதான் நான் சொல்வேன். கல்லாவில் உள்ளதில் அரிசி மண்டிக்காரரின் பாக்கி இருக்கிறது, அடுத்த மாத வாடகை இருக்கிறது. 55 வயதுக்குட்பட்ட உள்ளூர் ஊழியர் என்றால் வழக்கமான விகிதப்படி ஊதியத்தில் பிடித்த 20 விழுக்காடும் முதலாளி தரும் 17 விழுக்காடும் சேர்ந்து, அடுத்த மாதம் 14ஆம் தேதிக்குள் மத்திய சேமநிதிக்குப் போய்ச் சேர வேண்டும். பொருள் சேவை வரிக்குப் பதிந்த கடையானால், வாடிக்கையாளர் தந்த 9 விழுக்காட்டை அரசாங்கத்துக்காக வாங்கி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். இதையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதே நம்முடையது. கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு, உரிமையாளருக்கென்று மாதம் ஒரு நிலையான தொகை: இந்த இரண்டையும் முதல் நாளே செய்துவிடுங்கள். அண்ணன் செய்யவில்லை.

இதற்கு அடுத்த தவறு, சொந்த உழைப்புக்குக் கணக்கு எழுதாதது. தீபாவளிக்கு முறுக்கு சுட்டு விற்கும் ஓர் அக்காவுடன் உட்கார்ந்து ஒருநாள் கணக்குப் போட்டேன். டப்பா 12 வெள்ளி. மாவு, வெண்ணெய், எண்ணெய்க்கு 5 வெள்ளி. பத்து டப்பாவுக்கு 70 வெள்ளி லாபம் என்றார். வெறும் டப்பா ஒன்றுக்கு ஒரு வெள்ளி என்பதைச் சேர்த்ததும் அது 60 ஆனது. அவரும் அவர் மாமியாரும் ஆளுக்கு ஆறு மணி நேரம் அடுப்படியில் நின்றிருக்கிறார்கள். ஆக, மணிக்கு 5 வெள்ளி. அக்கா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த ஆண்டு விலையை ஏற்றினார். ஆர்டர் குவிந்தாலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் நடத்தும் இத்தகைய சிறுதொழிலில் அந்த வீட்டில் குடியிராத ஒருவரை வேலைக்கு வைக்க முடியாது. ஆகவே, இருக்கும் கைகளுக்கு ஏற்ற விலை வைத்தே தீர வேண்டும்.

பதிவு விஷயத்திலும் பலர் அவசரப்படுகிறார்கள். தனி உரிமையாளராகப் பதிய 115 வெள்ளி, பிரைவேட் லிமிடெட் நிறுவனத்துக்கு 315 வெள்ளி. இருநூறு வெள்ளி மிச்சம் என்று முதலாவதைத் தேர்ந்தெடுத்தால், தொழிலின் கடன் முழுவதும் நம் தலையில், நம் சேமிப்பின்மேல் விழும். நிறுவனமாகப் பதிந்தால் அந்தச் சுமை பெரும்பாலும் நிறுவனத்தோடு நின்றுவிடும். ஆனால் வங்கிக் கடனுக்கோ கடை வாடகைக்கோ தனிப்பட்ட உத்தரவாதம் தந்து கையெழுத்திட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அந்தப் பக்கத்தை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள்.

எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் வலிப்பது, இடறும்போது ஒளிந்துகொள்வது. 1819இல், சிங்கப்பூரில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து இங்கே வந்த நாராயண பிள்ளை முதலில் செங்கற்சூளை வைத்தார், பிறகு கிராஸ் ஸ்திரீட்டில் துணிக்கடை போட்டார். 1822இல் கடை தீயில் போயிற்று. சரக்கோ ஆங்கிலேய வணிகர்களிடம் கடனுக்கு வாங்கியது. அவர் ஒளியாமல், கடன் கொடுத்தவர்களோடு பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார், ராஃபிள்ஸிடம் உதவி கேட்டார், இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸில் நிலம் பெற்று மறுபடி எழுந்தார். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலை 1827இல் தொடங்கி வைத்தவரும் அவர்தான்.

அண்ணன் கடைசி ஐந்து மாதங்கள் மண்டிக்காரரின் அழைப்பு வந்தாலே கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிடுவார். கடையை மூடிய பின் வேலைக்குப் போய் அந்தப் பாக்கியைச் சிறுகச் சிறுக அடைத்தார். கடைசித் தவணை கொடுக்கப் போன அன்று நானும் உடன் இருந்தேன். மண்டிக்காரர் பணத்தை எண்ணவே இல்லை. தேநீர் வரவழைத்துவிட்டு, “அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேனே, தம்பி” என்றார்.